ஆலைச் சங்கும் தமிழ் நாவலும்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று குறிப்பது நெடுநாளைய வழக்கு. பள்ளிப் பருவத்தில் புவியியல் பாடத்தில் இத்தொடரை மனப்பாடம் செய்யாத கொங்குநாட்டார் இரார். தலைநகரில் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கும் வடநாட்டு நண்பரிடம், ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் விருதாகவும் இது இருந்து வருகிறது. பட்டம் பொருத்தமற்றது என்று கூற நாம் வரவில்லை. ஆனால் கடன் வாங்கிய பட்டத்தைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பதில் தவறில்லை.

மான்செஸ்டர் நூலையும் துணியையும் மட்டும் உலகுக்குத் தரவில்லை. 1845-இல் எங்கெல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய நூலில், அந்நகரத்துச் சந்துகளும் இருண்ட குடியிருப்புகளும் அப்படியே பதிவாயின. அந்நகரிலேயே வாழ்ந்த திருமதி காஸ்கெல், 1848-இல் 'மேரி பார்ட்டன்' என்னும் நாவலை வெளியிட்டார். ஆலை முதலாளியின் மாளிகையும் தொழிலாளியின் அணைந்த அடுப்பும் ஒரே கதையில் எதிரெதிரே நின்றன. 1854-இல் டிக்கன்ஸ் 'ஹார்ட் டைம்ஸ்' எழுதி, ஆலை நகரம் மனித மனத்தை என்ன செய்கிறது என்று கேட்டார். மான்செஸ்டரையும் அதை ஒத்த ஆலை நகரங்களையும் இன்று நாம் அறிந்திருப்பது, அவை ஏற்றுமதி செய்த துணியின் கஜக் கணக்கால் அன்று, இத்தகைய நூல்களால்தான்.

அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்ட நாம், அந்த எழுத்துக்கு ஈடானதைப் பெற்றோமா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. விடையை முன்னரே சொல்லிவிடலாம்: பஞ்சிலிருந்து துணி வரையிலான நெடும்பாதையில் தமிழ் நாவல் தொடக்கத்தையும் முடிவையும் நன்றாகவே கண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் நூற்பாலையின் கூடத்தை மட்டும், வாயிலில் நின்று பார்த்ததே மிகுதி.

நூல் என்னும் சொல்

இது வருந்துதற்குரியது, ஏனெனில், நூற்றலையும் எழுதுதலையும் தமிழரைப்போல் இணைத்து எண்ணியவர் குறைவு. இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்னும் ஒரே பெயரை வைத்தோம். 'பனுவல்' என்னும் சொல்லும் அவ்வாறே இரு பொருளும் தாங்கி நிற்கிறது. சங்கப் புலவர்களுள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பவர் ஒருவர். அறுவை என்பது துணி. துணி விற்றவரும் கவி பாடினார் என்பதை அவர் பெயரே காட்டுகிறது. சிலப்பதிகாரம் நெய்வோரைக் காருகர் என்று குறித்து, நகர வருணனையில் அவர்தம் இருக்கைக்கும் இடம் தந்தது.

நன்னூலார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். நூல் எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்க வந்தவர், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமிக்கிறார். இலக்கணம் எழுதிய பெரியார் புலவனுக்கு ஒப்பாக அரசனையோ அந்தணனையோ தேடிப் போகவில்லை. பஞ்சும் கதிருமாய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கண்டார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

அந்தக் கதிர் பின்னர் ஆலைக்குள் ஆயிரக்கணக்காகப் பெருகியது. அதன் முன் நின்றவர்களும் ஆயிரக்கணக்காயினர். உவமைக்கு அவளை அழைத்த இலக்கியம், அவள் ஆலை வாயிலுக்குள் சென்ற பிறகு ஏன் பின்தொடரவில்லை?

நகரம் எழுந்த கதை

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். கோவை வட்டாரத்தின் கரிசல் மண் பருத்திக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து சேர்ந்தது. நீண்ட இழை தரும் அப்பயிர் கிணற்றுப் பாசனத்தில் செழித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஈரக்காற்று, நூற்கும்போது இழை அறாதிருக்கத் துணை செய்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லே இந்நகரின் ஆலை வரலாற்றுக்குத் தலைவாயில்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் கோவையின் தனித்தன்மை. பம்பாயில் ஆலை கட்டியவர்கள் பெரும்பாலும் கடல் வாணிகத்தில் பொருள் ஈட்டியவர்கள். கோவையிலோ, பருத்தி பயிரிட்ட குடியானவர்கள் பருத்தி வாணிகராகி, கொட்டை நீக்கும் ஆலை வைத்து, பின்னர் நூற்பாலை கட்டினர். 1910-இல் லட்சுமி மில்லைத் தோற்றுவித்த ஜி. குப்புசாமி நாயுடுவும், பீளமேட்டில் ரங்கவிலாஸ் மில்லை நிறுவிய பி.எஸ்.ஜி. குடும்பத்தாரும் இத்தகையோரே. ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே மண்ணிலிருந்து, சில வேளை ஒரே ஊரிலிருந்து, புறப்பட்டவர்கள். கதைக்கு இதைவிட வளமான நிலைக்களம் வேறு என்ன வேண்டும்?

1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. அடுத்த ஆண்டே தென்னிந்திய ஆலை அதிபர் சங்கம் அமைந்தது. ஆலைக்கு வந்த மின்சாரம் கிணற்றுக்கும் போயிற்று. கிணற்றுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. மோட்டாருக்குப் பட்டறையும் வார்ப்படச் சாலையும் எழுந்தன. 1956-இல் நெசவுத்தொழில் ஆராய்ச்சிக்கெனச் 'சிட்ரா' நிறுவப்பெற்றது. 1962-இல் நூற்பு எந்திரங்களையே செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றியது. பி.எஸ்.ஜி. குடும்பத்தின் புதல்வர் நால்வரும் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவதை அறத்துக்கு வைத்து 1926-இல் அறநிலையம் கண்ட செய்தி கோவையில் குழந்தைகளும் அறிந்தது. அறநிலையம் பள்ளியும் கல்லூரியும் நடத்தியது. நகரில் படப்பிடிப்பு நிலையங்களும் வந்தன. பஞ்சு ஒரு நகரத்தையே நூற்றது எனலாம்.

பருநூலும் நுண்ணூலும்

ஆலைத் தொழிலில் நூலின் நயத்தை 'நம்பர்' என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு சிட்டம் என்பது 840 கஜ நீளம். ஒரு பவுண்டு எடையில் எத்தனைச் சிட்டம் தேறுகிறதோ அத்தனை நம்பர். இருபதாம் நம்பர் நூல் பருமன். நூறாம் நம்பர் நூல் மயிரிழை போன்றது. பஞ்சின் எடை ஒன்றே; எவ்வளவு நீளத்துக்கு இழுக்கிறோம் என்பதிலேதான் வேறுபாடு.

கோவையின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் பருநூலாகவே நூற்கப்பட்டிருக்கிறது. நிறுவனர்களின் வாழ்க்கை வரலாறுகள், வெள்ளிவிழா மலர்கள், பொன்விழா மலர்கள், கதிர்களின் எண்ணிக்கை, ஏற்றுமதித் தொகை ஆகியவை நம் கைக்குக் கிடைக்கின்றன. அவை வேண்டா என்பதன்று. முயற்சியுடையாரின் வாழ்வு எழுதப்பட வேண்டியதே. ஆனால், இரவு ஷிப்டு முடிந்து பனியில் சைக்கிள் மிதித்து வீடு சேர்ந்தவன் என்ன எண்ணினான் என்பது அந்த மலர்களில் அகப்படாது.

எதிர்ப்பக்கத்து வரலாறும் உண்டு. 1946 ஜனவரி 8-ஆம் நாள் கோவைச் சிறையில் இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்னும் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். தொழிற்சங்கத்தார் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கின்றனர். ஆனால் நினைவுக் கூட்டத்தின் மொழியும் ஒருவகையில் விழா மலரின் மொழியே. ஒன்று நிறுவனரைச் சிலையாக்குகிறது. மற்றொன்று தியாகியைச் சிலையாக்குகிறது. சிலையாகாத பல்லாயிரவர் இரண்டுக்கும் நடுவே இருக்கிறார்கள். அவர்களை இழைபிரித்துக் காட்ட நாவல் என்னும் நுண்ணூல்தான் வேண்டும்.

நாவல்கள் கண்டதும் காணாததும்

தமிழ் நாவல் இத்துறையில் செய்திருப்பதைக் குறைத்து மதிப்பிட இயலாது. முதலிற் குறிக்கத்தக்கது தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953). அம்பாசமுத்திர வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் நூல் நெருக்கடியால் நசிந்துபோவதைச் சொல்லும் கதை இது. செக் மொழியில் பெயர்க்கப்பட்ட சிறப்பும் உடையது. ரகுநாதனின் வலிமை, பசியைத் தனிமனிதன் தலையெழுத்தாகக் காட்டாமல், நூல் விலை என்னும் காரணத்தோடு கட்டிக் காட்டியதில் இருக்கிறது. தறிக்காரன் வீட்டு உலை ஏறாததற்கும் நூல் வியாபாரியின் கிடங்கு நிறைந்திருப்பதற்கும் உள்ள தொடர்பை வாசகன் தானே உணர்கிறான். கருத்து சில இடங்களில் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறது என்னும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் இங்கே நம் கவனத்துக்குரியது வேறொன்று. அம்பாசமுத்திரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பாபநாசத்தில், தாமிரபரணியின் வீழ்ச்சியையே விசையாகக் கொண்டு 1880-களில் ஹார்வி ஆலை எழுந்துவிட்டது. அதே ஆற்றங்கரையில் நசியும் தறியும் இருந்தது. ஓடும் ஆலையும் இருந்தது. நாவலின் இதயம் தறியின் பக்கமே இருந்தது. அழிவதைப் பாடுவது இலக்கியத்தின் இயல்பு என்று அமைதி கூறலாம். ஆனால் ஆலைக்குள் பிறந்துகொண்டிருந்த புதிய மனிதனும் அதே அளவு கவனத்துக்கு உரியவனே.

கொங்குநாட்டுக்கு வருவோம். வட்டார நாவலுக்கு வழிகாட்டியவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய 'நாகம்மாள்' வெளிவந்த ஆண்டு 1942. பைக்காரா மின்சாரம் வந்து பத்தாண்டுகள் ஆகி, கோவையைச் சுற்றிப் புகைபோக்கிகள் உயர்ந்துவிட்ட காலம் அது. நாவல் பேசுவதோ காடுதோட்டத்தின் பாகப்பிரிவினையைப் பற்றி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலத்தின் மீதுள்ள பற்று மனிதரை எதுவரை இழுத்துச் செல்லும் என்பதை அவ்வளவு சிக்கனமாகச் சொன்ன நாவல் தமிழில் வேறு அரிது. ஆனால் அந்த நிலத்தில் பாகம் கிடைக்காதவன் எங்கே போனான் என்று கேட்டால், பெரும்பாலும் ஆலைக்குத்தான் போனான் என்பது விடை. அவன் கதையும் 'நாகம்மா'ளின் தொடர்ச்சியே. அத்தொடர்ச்சி அதே ஆழத்தில் எழுதப்பெறவில்லை.

1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' புறப்பட்டது. புதுக்கவிதையை மக்களிடம் கொண்டு சென்ற அவ்வியக்கத்தின் கொடை பெரிது. உழைப்பவன் அவர்கள் கவிதையில் ஓங்கிய குரலோடு நின்றான். எனினும் அவன் உலகத்து உழைப்பாளியாக நின்றானேயன்றி, சிங்காநல்லூரிலோ ஒண்டிப்புதூரிலோ கதிர் வரிசைக்கு முன் நடந்து நடந்து அறுந்த இழையை ஒட்டிய சைடராக நிற்கவில்லை. பொதுமைக்குக் கவிதை தந்த உயரம், தனித்தன்மையைச் சற்று மறைத்துவிட்டது.

பிற்காலத்தில் நிலை மாறியது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998), திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை நாவலின் பொருளாக்கியது. ஒரு ஊரின் செல்வம் அந்த ஊரின் தண்ணீரையே விலையாகக் கேட்கும் என்பதை இந்நாவல் முன்னரே எச்சரித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை முற்றாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, நாவலைப் படித்திருந்தவர்கள் வியப்படையவில்லை. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004) பனியன் நகரின் வளர்ச்சியை நண்பர் சிலரின் வாழ்வோடு பிணைத்துக் காட்டியது. பணம் வேகமாக வரும் ஊரில் உறவுகளின் தையல் எவ்வாறு பிரிகிறது என்பதைத் தீர்ப்புக் கூறாமல் சொல்லியது இதன் சிறப்பு. இரா. முருகவேளின் 'முகிலினி' (2016) பவானிக் கரையில் செயற்கை இழை ஆலை ஒன்று எழுந்து, ஆற்றைக் கெடுத்து, மூடப்பட்டதைத் தலைமுறைகள் ஊடாகத் தொடர்கிறது. முதலாளியின் கனவும் பொய்யன்று, தொழிலாளியின் வேலையும் பொய்யன்று, ஆற்றின் துயரும் பொய்யன்று என மூன்று உண்மைகளையும் ஒருசேரத் தாங்க முயன்றமையால் இந்நாவல் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

இப்போது வரிசையைப் பார்ப்போம். 'பஞ்சும் பசியும்' தறியைக் கண்டது, 'சாயத்திரை' சாயத்தை, 'மணல் கடிகை' பனியனை, 'முகிலினி' செயற்கை இழையை. இவற்றுக்கெல்லாம் மூலமான நூற்பாலையை ஆங்காங்கே தொட்டவர் உண்டு. எனினும், ஒரு நகரத்தை நூறாண்டு எழுப்பியும் உறங்கவைத்தும் வந்த அந்த ஆலைச் சங்கு, ஒரு பெருநாவலின் உயிர்நாடியாக ஒலிக்கவில்லை.

காரணம் யாது?

பம்பாயோடு ஒப்பிட்டால் ஒரு காரணம் புலப்படும். கிரண்காவ் என்னும் ஆலைப் பகுதியில் தொழிலாளர் சால்களில் நெருங்கி வாழ்ந்தனர். ஆலையும் வீடும் நாடகக் கொட்டகையும் பக்கம் பக்கமாக இருந்தன. அங்கே தெருவோரம் கண்டெடுக்கப்பட்டு ஓர் ஆலைத் தொழிலாளியால் வளர்க்கப்பட்ட நாராயண் சுர்வே மராத்தியின் பெருங்கவியானார். 1982-இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த நெடிய வேலைநிறுத்தம் ஒரு நகரத்தின் துயரமாயிற்று. கோவையின் அமைப்பு வேறு. ஆலைகள் சுற்றுவட்டத்துச் சிற்றூர்களிலேயே எழுந்தன. தொழிலாளி தன் ஊரிலிருந்தே வேலைக்கு வந்தான். ஷிப்டு முடிந்ததும் அவனுடைய மாட்டுக்கும் தோட்டத்துக்கும் திரும்பினான். ஒருகால் ஆலையிலும் ஒருகால் காட்டிலுமாக அவன் நின்றமையால், 'ஆலைத் தொழிலாளி' என்னும் தனி அடையாளம் இலக்கியத்துக்கு எளிதில் அகப்படவில்லை. எழுத்தாளன் அவனைக் குடியானவனாகவே கண்டான்.

இரண்டாவது காரணம் மொழி. புளோரூம், கார்டிங், ஸ்பின்னிங், டாஃபர், சைடர், ஜாப்பர், பதிலி என்று ஆலைக்குள் ஒரு தனித் தமிழ் வழங்கிற்று. கலப்புத் தமிழென்று அதை இலக்கியம் ஒதுக்கியது. ஆலைக்குள் இருந்தவனுக்கோ வேறு சொல் இல்லை. தன் சொல்லுக்கு இலக்கியத்தில் இடமில்லை என்று உணர்பவன் தன் வாழ்வுக்கும் இடமில்லை என்றே எண்ணிக்கொள்வான். சென்னையில் திரு.வி.க. இச்சுவரை ஒருவாறு உடைத்தார். பின்னி ஆலைகளின் தொழிலாளரை முன்னிட்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது உடனிருந்த அவர், 'வாழ்க்கைக் குறிப்பு'களில் அந்நாட்களை எழுதிவைத்தார். தென்றல் தமிழ் எழுதிய அதே கைதான் ஆலைத் தொழிலாளரின் வழக்கையும் எழுதியது. அவ்வழியில் தொடர்ந்து நடந்தவர் சிலரே.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல என் வீட்டு வாயிலைச் சற்றுத் திறக்க வேண்டியிருக்கிறது, வாசகர் பொறுத்தருள்க. என் தந்தையார் கோவை வட்டாரத்து ஆலை ஒன்றில் நூற்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எப்போதும் உரத்த குரலிலேயே பேசுவார். சிறுவர்களாகிய நாங்கள் அதைக் கோபமென்று அஞ்சினோம். அது எந்திர இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை என்பதும், அவர் செவி பாதி மந்தமாகிவிட்டது என்பதும் பின்னரே விளங்கின. ஆலையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. "படிச்சு அந்தப் பக்கம் வராம இருங்க" என்பதே அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே ஆலைச் செய்தி. நாங்கள் படித்தோம்; அந்தப் பக்கம் போகவில்லை; தில்லி வரை வந்துவிட்டோம். எழுதத் தெரியாத தலைமுறை ஆலையில் இருந்தது. எழுதத் தெரிந்த தலைமுறை ஆலையை விட்டு ஓடியது. இடையில் கதை அறுந்தது. அறுந்த இழையை ஒட்டுவதையே தொழிலாகக் கொண்டவரின் பிள்ளைகளாகிய எங்களுக்கு, இந்த ஓர் இழையை ஒட்டத் தோன்றவில்லை.

தலைநகரத்துக் கண்ணாடி

தில்லியில் வாழும் நமக்கு இது தொலைவான ஊரின் செய்தி என்று தோன்றலாம். அவ்வாறன்று. நாம் வாழும் இந்நகரும் ஒருகாலத்தில் ஆலை நகரமே. 1889-இல் தொடங்கிய தில்லி கிளாத் மில், பாடா ஹிந்து ராவ் பகுதியில் தலைமுறைகளாக ஓடியது. சப்ஜி மண்டிப் பக்கத்தில் பிர்லா ஆலை இருந்தது. லாலா ஸ்ரீராமின் ஆலைச் செல்வத்தில்தான் ஸ்ரீராம் வணிகக் கல்லூரியும், 1956-இல் லேடி ஸ்ரீராம் கல்லூரியும் எழுந்தன. நம் இல்லத்துப் பெண்மக்கள் சிலர் படித்துப் பட்டம் பெற்ற அக்கல்லூரியின் அடித்தளத்தில் பஞ்சு இருக்கிறது. பீளமேட்டிலும் தில்லியிலும் கதை ஒன்றே. 1980-களின் இறுதியில் தில்லி கிளாத் மில் ஓய்ந்தது. 1996-இல் உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி மூடப்பட்ட தொழிற்சாலைகளுள் பிர்லா துணி ஆலையும் சேர்ந்தது.

தில்லித் தமிழ் எழுத்தாளர் இதைக் கண்டார்களா? இந்திரா பார்த்தசாரதி 'தந்திர பூமி'யில் இந்நகரின் அதிகார வட்டத்தைக் காட்டினார். ஆதவன் 'காகித மலர்க'ளில் அரசு அலுவலர் குடும்பத்தின் உள்முகத்தைக் காட்டினார். இருவரும் தாம் அறிந்ததை அறிந்தவாறு எழுதிய நேர்மையாளர்கள். தமிழன் இங்கே ஆலைக்கு வரவில்லை, செயலகத்துக்கு வந்தான். ஆகவே ஆலை அவன் கண்ணுக்குப் பேருந்து சன்னலில் கடந்து போகும் நீண்ட மதிலாகவே இருந்தது. கோவையில் விட்டு வந்த மதிலை இங்கேயும் நாம் கடந்தே சென்றோம்.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினை தில்லியின் முகத்தை மாற்றியது என்பதை இங்குள்ளோர் அறிவர். அதே பிரிவினையில் நல்ல பருத்தி விளையும் நிலத்தில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போக, ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவில் நின்றன. பஞ்சுப் பஞ்சம் தெற்கு வரை எட்டியது. அகதி முகாமும் ஆலைப் பஞ்சுக் கிடங்கும் ஒரே கோட்டின் இரு முனைகள். இவற்றை ஒரே கதையில் இணைக்கத்தக்க நாவலாசிரியன், இரண்டு ஊரையும் அறிந்த தில்லித் தமிழனாக ஏன் இருத்தல் கூடாது?

இறுதியாக ஒரு வேண்டுகோள்

காலம் நீட்டிக்கத்தக்கதன்று. நலிந்த ஆலைகளை 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையாக்கி, தேசியப் பஞ்சாலைக் கழகம் நெடுங்காலம் நடத்தியது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் நின்ற அக்கழகத்தின் கோவை ஆலைகள், பின்னர் முன்போல் ஓடவில்லை. தனியார் ஆலைகள் பல மனைகளாயின, வணிக வளாகங்களாயின. மறுபுறம், இன்றைய நூற்பாலைகளில் கதிருக்கு முன் நிற்பவர் பெரும்பாலும் தொலைவூரிலிருந்து வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்களும், வடமாநிலத்து இளைஞர்களும். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிச் சிறுமியரை மூன்றாண்டு ஆலைக்குள் வைத்த 'சுமங்கலித் திட்ட'த்தின் அவலம் செய்தித்தாளில் வந்தது. இலக்கியத்தில் வந்தது போதாது. நன்னூலார் புலவனுக்கு ஒப்பாகக் கண்ட அந்த நூற்கும் பெண்ணே இவள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கோவைக்கு இன்று வேலை தேடி வருபவனின் நிலையை, ஊர்விட்டு ஊர் வந்து மொழி தெரியாத தெருவில் வீடு தேடிய நம்மைவிட நன்குணர்வார் யார்?

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் கொங்குநாட்டுக் குடும்பத்தார், ஆலையில் உழைத்த பெரியவர் எவரேனும் வீட்டில் இருப்பின், அவரருகே அமர்ந்து கேளுங்கள். முதல் நாள் ஆலைக்குள் நுழைந்தபோது என்ன வாடை அடித்தது, பதிலியாக எத்தனை நாள் வாயிலில் நின்றீர்கள், எந்தச் சங்குக்கு எழுந்தீர்கள், யாரோடு சேர்ந்து உண்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சைடரைச் சைடர் என்றே எழுதுங்கள். அது இலக்கியமா என்று தயங்க வேண்டா. அது பஞ்சு. நூற்பவன் ஒருநாள் வருவான். வரும்போது பஞ்சு இருக்க வேண்டும்.

என் தந்தையாரிடம் நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றிய நாளில், பதில் சொல்ல அவர் இல்லை.